ஞானசிகாமணி டிரைவரின் கல்

பாறசாலையிலிருந்து காட்டாக்கடைக்கு இருபது வருஷமாக பஸ் ஓட்டும் ஞானசிகாமணிக்கு ஒரு பெருமை உண்டு. காலையில் கொல்லயில் என்ற ஊரிலுள்ள வீட்டை விட்டு இறங்கினால் மதியம்வரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டார். குடித்தால் வழியில் இறங்க வேண்டும், இறங்கினால் நேரம் தவறும். கடைசியில் ஒருநாள் இடுப்பு வலித்துச் சுருண்டு விழுந்தார். ஸ்கேனில் கல் தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதி, தினம் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"தண்ணி குடிச்சா கல்லு போவுமாம்! இதைச் சொல்ல ஒரு டாக்டரு வேணுமா?" என்றார் மனைவி சுகிர்தபாயிடம். "மலையில காணிக்காரங்ககிட்ட ரகசிய மருந்து உண்டு. வாங்கிட்டு வாறேன்."

"வாங்குங்க. நேத்து கட்டில் காலைப் பிடிச்சிட்டு அழுதது யாருன்னு நான் அவங்ககிட்ட சொல்லமாட்டேன்."

காட்டாக்கடைச் சந்தைக்கு மலையிலிருந்து தேனும் வேர்களும் கொண்டுவருபவள் விமலகுமாரி. காணிக்காரர் என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்த நாற்பது வயதுக்காரி. ஞானசிகாமணி குனிந்து அவள் காதில் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணனுக்கு மூத்திரத்தில கல்லா?" என்று அவள் உரக்கக் கேட்டாள். மரச்சீனிக் கிழங்கு விற்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஸ்கேன் சீட்டை வாங்கிப் படித்தாள். "டாக்டரு தந்த மாத்திரையை நிறுத்தப்பிடாது. காய்ச்சல் வந்தாலோ மூத்திரம் அடைச்சாலோ என்னைத் தேடி வராதீங்க, நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்." ஒரு கட்டுச் சிறுபீளைச் செடியை வேரோடு எடுத்து நீட்டினாள்.

அவர் முகம் விழுந்துபோயிற்று. "இது எங்க வரப்பில கெடக்குதே!"

"மலையிலயும் இதுதான் அண்ணா. புலி நக்கின செடின்னு சொன்னா நம்புவீங்களோ? காலம்பற ஒரு கிளாஸ் கஷாயம். அது பிடிக்கணும்னா பின்னால பதினோரு கிளாஸ் பச்சைத்தண்ணி. ஒண்ணு குறைஞ்சாலும் பலிக்காது."

வீட்டில் சுகிர்தபாய் விரல் விட்டு எண்ணினாள். "பன்னிரண்டு கிளாஸ்னா மூணு லிட்டருல்லா?"

"டாக்டரு சொன்னது வெறும் தண்ணி. இது மருந்தாக்கும்!"

மறுநாளிலிருந்து பஸ் வழியில் மூன்று இடத்தில் நின்றது. "டிரைவரண்ணனுக்கு மருந்து வேலை செய்யுது, அஞ்சு நிமிஷம்!" என்று கண்டக்டர் ஷிஜு அறிவித்தான். பயணிகள் முதலில் சிரித்தார்கள், பிறகு உதவினார்கள். வழியோர வீடுகளில் அவருக்காகக் கேட் திறந்தே கிடந்தது. தினமும் அதே பஸ்ஸில் வரும் வாத்தியார் ஜாய்க்கு மட்டும் மனவருத்தம். "எங்க வீட்டுக்கு ஒருநாளும் வரலியே ஓய்?"

ஒன்பதாம் நாள், பெருங்கடவிளையில் வழியோரம் குடியிருந்த சரசம்மா வீட்டுக் குளியலறையிலிருந்து ஒரு அலறல் கேட்டது. பஸ் முழுக்க ஜன்னலில் தொங்கிக் காத்திருந்தது. டாக்டர் சொன்னபடி சுகிர்தபாய் கொடுத்தனுப்பிய வடிகட்டியை உயர்த்திப் பிடித்தபடி ஞானசிகாமணி வெளியே வந்தார்.

சரசம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். கல் நல்லமிளகு அளவுகூட இல்லை. "இதுக்காக்கும் இந்தக் கூப்பாடு?"

அவருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். ஒரு புளியங்கொட்டை அளவாவது எதிர்பார்த்திருந்தார்.

அடுத்த சந்தையில் கல்லைக் காகிதத்தில் மடித்து விமலகுமாரியிடம் காட்டினார். "எல்லாம் உங்க வேருதான்!"

"வேரோ, மாத்திரையோ, தண்ணியோ, யாரு கண்டா? போய் இன்னொரு ஸ்கேன் எடுங்க. உள்ளே வேற கெடக்கோ என்னவோ."

ஞானசிகாமணியின் முகம் வெளிறியது. நின்ற நிலையிலேயே தண்ணீர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தார்.

"அண்ணே, வண்டி எடுக்க நேரமாச்சு!" என்று பஸ்ஸிலிருந்து ஷிஜு அலறினான். "இப்பம் குடிக்காதீங்க!"