சிவகோத்திரத்து டிப்ஸ்

சச்சிதானந்தனுக்குத் தன் பெயரை ஒரு பலகையில் முழுசாகப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயரின் நீளத்துக்கு ஐரோப்பாவில் எங்கேயும் இடம் கிடைத்தபாடில்லை. ஜெர்மனியில், கோப்பை கழுவிய உணவகத்தில், முதலாளி அவரைச் 'சாஷா' ஆக்கிவிட்டான். லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் செபமாலைமுத்துவின் கடையை வாங்கினால், வாசலில் 'புனித அந்தோனியார் ஸ்டோர்ஸ்' என்று இருந்தது. சனம் அவரையே 'அந்தோனியார்' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்தோனியாரை இந்த உலகத்தில் வேறு எங்கே பார்க்கலாம்?

கடைசியில் பொறுமை போய், குட்மேய்ஸில் பலகை செய்கிற ஜதுசனிடம் போனார். 'சச்சிதானந்தன் ஸ்டோர்ஸ்', தமிழிலும் இங்கிலீசிலும், லைட் எரிகிற எழுத்தில்.

"அண்ணை, 'சச்சி' எண்டு மட்டும் போட்டால் எழுத்துப் பெரிசா வரும்."

"பலகையைப் பெரிசாக்கு தம்பி. பேரிலை கை வையாதை."

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தவர் குருமூர்த்தி ஐயர். கும்பகோணத்துக்காரர், எப்போதும் அடுத்த வீட்டுப் பூசைக்கு அவசரப்படுகிறவர். அவர் வந்து நிற்கும்போதே வேலையாட்கள் அந்தோனியார் பலகையைக் கழற்றி இறக்கினார்கள். தூசியும் புறாக்கூடும் கொட்டி முடிந்த பிறகு, அடியில் இன்னொரு பலகை இருப்பது தெரிந்தது. பச்சை மரம், பொன் எழுத்து, எந்தக் காலத்துப் பழசோ. 'டபிள்யூ. டிப்ஸ். தானியம், விதை, கோழித்தீன்' என்று இங்கிலீசில் எழுதியிருந்தது. மூலையில் கொண்டை சிவந்த கொழுத்த சேவல் ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

வர வேண்டிய புதுப் பலகைதான் வரவில்லை. றோட்டில் விபத்தாம், பலகை ஏற்றின வான் அசையவில்லையாம். ஜதுசன் போனில் அழாக்குறையாகச் சொன்னான்.

"கொஞ்ச நேரத்துல ராகு காலம் வந்துடும். நான் கிங்ஸ்பரிக்கு வேற போறேன்னு சொல்லியிருக்கேன். எந்தப் பலகைக்குப் பண்றது?" என்றார் ஐயர்.

அப்போதுதான் சச்சிதானந்தனின் மனைவி சுசிலா அண்ணாந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

"இஞ்சாருங்கோ, சேவல்! வெள்ளிக்கிழமையும் அதுவுமா முருகன் தன்ர கொடியோட வந்து நிக்கிறார். ஐயா, இதுக்கே செய்யுங்கோ."

"அது கோழித்தீன் வித்தவன்ர சேவல், சுசிலா."

"ஏன், முருகன்ர சேவல் தீன் தின்னாதோ?"

இதற்குப் பதில் சொல்ல எந்தச் சாஸ்திரத்தாலும் ஏலாது. ஐயர் அதற்குள் ஏணியில் ஏறிவிட்டார். சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், மாலையும் போட்டார். சங்கற்பத்தில் பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிமிர்ந்து பலகையைப் படித்து, 'டிப்ஸ்' என்றார். கோத்திரம்? யாருக்குத் தெரியும்! கோத்திரம் தெரியாதவர்களைச் சிவகோத்திரம் என்று சொல்லிவிடுவது வழக்கம். அப்படியாக, எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரர் பிளேஸ்டோ நடைபாதையில் வைத்துச் சிவகோத்திரத்தில் சேர்க்கப்பட்டார். தேங்காயும் அவர் பெயரிலேயே உடைந்தது. சச்சிதானந்தன் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேறு என்ன செய்வார் பாவம்.

ஐயர் கிளம்பிப் போன பிறகு வான் வந்தது. ஜதுசன் துளை போடும் மெசினோடு ஏணிப்பக்கம் போனான். சுசிலா குறுக்கே வந்து நின்றாள்.

"பூசை செய்த பலகை. அதிலை ஓட்டை போடுறதெண்டால் என்னைத் தள்ளிப்போட்டுப் போ."

ஐயருக்குப் போன் போட்டார்கள். "ஆமா, அம்மா சொல்றது சரிதான். மாலை போட்டாச்சு, இனிமே ஆணி அடிக்கப்படாது" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

சச்சிதானந்தனுக்கு அழுகை வந்தது. ஆத்திரம் என்று காட்டிக்கொண்டார். "உயிரோட நிக்கிறவனுக்கு இடமில்லை, செத்தவனுக்கு மாலையோ?" என்று கத்தினார்.

அதற்குள் சனம் கூடிவிட்டது. சேர்ச்சுக்குப் போய்விட்டு வந்த மரினா அக்கா, "அந்தோனியாரைக் கலைச்சுப்போட்டு இப்ப டிப்சோ? டிப்ஸ் அண்ணை, கறிவேப்பிலை வந்திட்டுதோ?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பழைய பலகைகளைத் தேடித் தேடிப் படம் எடுக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சந்தனம் பூசிய பலகையைக் கண்டு அவருக்கு வாய் மூடவில்லை. சச்சிதானந்தனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "மிஸ்டர் டிப்ஸ், இதை நீங்கள் எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறீர்கள்! மிஸ்டர் டிப்ஸ், இப்படி நில்லுங்கள், ஒரு படம்" என்று இங்கிலீசில் பொழிந்தார்.

சச்சிதானந்தன் அவர் காட்டிய இடத்தில் போய் நின்றார். இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன முகம் அது. சுசிலா அதைப் பார்த்துவிட்டாள்.

தாலி கட்டிய நாளிலிருந்து அவள் புருசனின் பெயரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் விசா ஒபீசில் கேட்டாலும் அவருடைய பாஸ்போட்டைத்தான் நீட்டுவாள். புருசன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்புகிற சாதி. அப்படிப்பட்டவள் ஏணியை விட்டு வந்து வெள்ளைக்காரருக்கு முன்னால் நின்றாள்.

"டிப்ஸ் இல்லை!" என்றாள். "சச்சிதானந்தன். இவற்ர பேர் சச்சிதானந்தன்!"

ஒரு எழுத்துக்கூட விழவில்லை. பஸ் ஸ்டொப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மரினா அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துப் பாதியில் மூச்சுவாங்கினார்.

சச்சிதானந்தன் ஜதுசனிடம் போனார். "தம்பி, புதுப் பலகையைத் திருப்பி வானுக்கை ஏத்து. அந்த டிப்சும் இருந்திட்டுப் போகட்டும்."

பிறகு மெதுவாக மனைவியின் பக்கம் வந்தார். "சுசிலா, இப்ப என்னவோ சொன்னனீர். எனக்கு வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லும்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உள்ளுக்கை போய் வெங்காய மூட்டையை இறக்குங்கோ. ஆக்கள் நிக்கினம்."