இடது கார்புரேட்டர்

1984 ஐப்பசி முதல் ராசப்பனின் மோட்டார் சைக்கிள் அவன் மனைவி கமலவேணியின் மூச்சில் ஓடியது. முழு வண்டியும் அல்ல, இடது பக்கம் மட்டும். இரண்டு சிலிண்டரும் இரண்டு கார்புரேட்டரும் கொண்ட வண்டி அது; வலது பக்கம் எல்லா வண்டிகளையும் போல ஊர்க்காற்றைக் குடித்தது. அந்த ஆண்டு ஆட்டையாம்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் நிலக்கடலை நல்ல விளைச்சல், மரவள்ளிக்கு விலை இல்லை, வண்டி ஒன்று இப்படி ஓடியது.

நடந்தது இதுதான். வண்டியோடு வந்த சைலன்சர் ஜோடி ராசப்பனுக்குப் பிடிக்கவில்லை. தான் வருவது நாலு ஊருக்குத் தெரிய வேண்டும், வேகமும் கூட வேண்டும் என்று, நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் சொல்லி, நடுவில் வயிறு பெருத்த இரண்டு குழாய்களை வெல்டிங் வைத்து வாங்கி வந்தான். மாட்டிக் கொடுத்தவன் செவ்வாய்ப்பேட்டை மெக்கானிக் செங்கோடன். புதுக் குழாய் புகையைத் தாராளமாக வெளியே விட்டால், உள்ளே போகும் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள பொருத்தம் கெட்டுவிடும். கார்புரேட்டர்களைத் திரும்ப ட்யூன் செய்ய வேண்டும். செங்கோடனிடம் மீட்டர் எதுவும் கிடையாது. முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரையும் வரை ஸ்க்ரூவைத் திருப்புவான். அன்று வலது பக்கம் ஒழுங்காக இரைந்தது, இடது பக்கம் காலையிலிருந்து பிடிக்கவே இல்லை. பனமரத்துப்பட்டியில் ஒரு கல்யாணம், முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கமலவேணி சீர்த்தட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி செங்கோடனின் பட்டறை வாசலில் நின்றாள். ராசப்பன் கிக்கரை உதைத்துக்கொண்டே இருக்க, செங்கோடனுக்குக் கை போதவில்லை. குழாய் முனையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லி அவளிடம் நீட்டினான். கையில் தட்டு இருந்ததால் அவள் அதைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். இடது பக்கம் பிடித்துக்கொண்டது.

குழாயை எடுத்த பிறகும் அது விடவில்லை. கல்யாணத்துக்குப் போகிற வழியிலேயே, சும்மா பின்னால் உட்கார்ந்திருந்தவளுக்கு மேடு ஏறும்போதெல்லாம் இரைத்தது. தூரம் ஒரு பொருட்டே இல்லை என்பது பிறகு தெரிந்தது. சேலத்தில் அவன் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வீட்டில் அவள் ஆட்டுக்கல்லின் மேல் சரிந்தாள். அவன் லாரியை முந்தினால் அவள் உதடு நீலம் பாய்ந்தது. அவன் டீக்கடையில் வண்டியை நிறுத்தும் நேரம் பார்த்து அவள் ஓடி ஓடித் தண்ணீர் சேந்தினாள். ஊரும் சும்மா இருக்கவில்லை, அதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தது. ராசப்பனோடு பின்னால் தொற்றிக்கொண்டு போன புருஷன்மார் எப்போது திரும்புவார்கள் என்று பார்க்க, பெண்கள் கமலவேணியின் உதட்டை வந்து பார்த்துவிட்டுப் போய் அடுப்புப் பற்றவைத்தார்கள்.

அடுத்த தை மாதம் செங்கோடன் இடது பக்க ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். சரியாக ஓடும் வண்டியில் அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். இது நகக்கண் போல இளஞ்சிவப்பாக இருந்தது. அவனுக்கு விஷயம் புரிந்தது, சொல்லவும் சொன்னான்.

“பழைய சைலன்சரையே மாட்டிட்டா அம்மாளுக்குச் சரியாப் போயிருமுங்க.”

“ஸ்பீடு என்ன ஆகும்?”

“பத்து கொறையுமுங்க.”

“அப்ப அது இருக்கட்டும்” என்றான் ராசப்பன், வண்டிக் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே. கமலவேணி பக்கத்தில்தான் நின்றாள்.

மூன்று ஆண்டுகள் அப்படியே போயின என்று எழுதுவது எழுதுகிறவனுக்குச் சுலபம். மூச்சு வாங்கியவள் அவள்.

1988 சித்திரையில் செங்கோடன் வண்டி பார்க்க வீட்டுக்கே வந்திருந்தபோது, மோர் கொண்டுவந்து கொடுத்த கமலவேணி ஒன்று கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, நான் மூச்சப் புடிச்சா வண்டிக்கு என்ன ஆகும்?”

செங்கோடன் மோரைக் குடித்து முடித்தான். “எடது பக்கம் நின்னுருமுங்கம்மா. போற வேகத்துல வண்டி ஆளக் கீழ தள்ளிருமுங்க” என்றான். இதை அவன் ராசப்பனிடம் சொல்லவில்லை. ஏன் என்று அவனை யாரும் கேட்கவும் இல்லை.

அன்று முதல் அவள் தினமும், வண்டி நிற்கும் நேரம் பார்த்து, தோட்டத்துக் கிணற்றில் இறங்கிக் குளித்தாள். முதல் வாரம் பத்து எண்ணுவதற்குள் மேலே வந்துவிட்டாள். ஆடி மாதத்தில், அவள் முங்கி எழுவதற்குள் மேலே ஒருத்தி ஒரு சேலையைத் துவைத்துப் பிழிந்துவிடலாம். புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, கிணற்றுப் படியில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியது. அவன் எதையோ முந்துகிறான். அவள் சோப்பைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போனாள். மல்லசமுத்திரம் சாலையில் முட்டை ஏற்றிய லாரிக்குப் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த வண்டியின் இடது பக்கம் நின்றது; ராசப்பன் புளியமரத்தில் நெஞ்சு மோதி விழுந்தான். ஒரு முட்டை கூட உடையவில்லை. கமலவேணி கரையேறித் தலையைத் துவட்டினாள். நான்கு ஆண்டில் முதன்முறையாக வயிறு நிறைய மூச்சு விட்டாள். வீட்டுக்குப் போய் ஒரு ஆளுக்கு மட்டும் உலை வைத்தாள்.

மத்தியானம் அவனைக் கொண்டுவந்து வாசல் கட்டிலில் கிடத்தினார்கள். மூச்சு இல்லை. பெண்கள் ஒப்பாரி தொடங்கியிருந்தார்கள். மாட்டுவண்டியில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்த செங்கோடன், அதை இறக்கியதும் பழக்கதோஷத்தில் ஓர் உதை உதைத்தான். இரண்டு பக்கமும் பிடித்தன. கட்டிலில் ராசப்பனின் நெஞ்சு ஏறி இறங்கியது. அணைத்தான், நெஞ்சு நின்றது. மறுபடி உதைத்தான், மறுபடி ஏறியது. ஒப்பாரியும் அதற்கேற்ப நின்று நின்று நடந்தது. கடைசியில் பெண்களுக்கே அலுத்துப்போய்க் கலைந்தார்கள். வண்டியை ஓடவிட்டார்கள்.

அவளிடம் குடித்த மூச்சை வண்டி இப்போது அவனுக்கு ஊட்டியது. அது மெதுவாக ஓடும்போது அவளுக்கு இரைக்கவில்லை. சாவியை அவள் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். பெட்ரோல் ஊற்றினாள், கஞ்சி ஊற்றினாள், இரண்டையும் தவறாமல் செய்தாள். அவன் எதையோ சொல்ல வாயை அசைத்தால், நின்ற இடத்தில் வண்டி ஓடும் வேகத்துக்கான ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் திருப்புக் குறைத்தாள்.

தை பிறந்ததும் செங்கோடன் வந்தான். பரணில் தூசி பிடித்துக் கிடந்த பழைய சைலன்சர்களைப் பார்த்துவிட்டு, அவளிடம் மெல்லச் சொன்னான்.

“இதையே திரும்ப மாட்டிட்டா அவரு எந்திரிச்சு உக்காந்துக்குவாருங்கம்மா. பேச்சும் வந்துருமுங்க.”

“வேற என்ன ஆகுமுங்க?”

“சத்தம் கொறையுமுங்க.”

“அப்ப அது இருக்கட்டுமுங்கண்ணா” என்றாள் கமலவேணி, ஈரத் தலையைச் சீவிக்கொண்டே. ராசப்பன் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான்.

அதற்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோதெல்லாம் ஊர் கமலவேணிக்காக வருத்தப்பட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அந்தச் சத்தம் இல்லாமல் தூங்கப் பழகவில்லை. டவுன் பஸ் கண்டக்டர் ‘வண்டி ஓடுற ஊடு’ என்று கூவி, அந்த வீட்டு வாசலில் இறங்குகிறவர்களை இறக்கிவிட்டுப் போனார்.