கூடுதல் அவதானம்

கொழும்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் நீட்டி முழக்கிச் சொன்ன சிங்களத்தில் இன்பாஸுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு துண்டுதான்: "அவதானம வெடியி." கிண்ணியாவிலிருந்து தம்புள்ளைக்கு லொறி ஓட்டிப் பழகிய சந்தைச் சிங்களம் அவருடையது. வெடியி என்றால் கூடுதல். அவதானம் தமிழிலேயே இருக்கிறது, கவனம். இதற்குப் போய் யாராவது அர்த்தம் கேட்பார்களா?

மகள் ஸஹ்ராவுக்கு எட்டு வயது, இரத்தப் புற்றுநோய். ஆக, பிள்ளையில் டொக்டர்மாருக்கு அவதானம் கூட! மனுசனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நோய் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். ஸஹ்ராவும் வகுப்பில் முதலாம் பிள்ளை வந்தவள்போல நெளிந்தாள்.

முதல் சுற்றுக் கீமோவில் அவளுக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. கடைசிப் பரிசோதனையில் புற்றுக் கலங்களைக் காணவில்லை என்றார்கள். கையோடு அடுத்த சுற்றுக்குத் திகதியும் தந்தார்கள். நோயைக் காணோம், பிறகு மருந்து என்னத்துக்கு? இன்பாஸுக்குத் தலைகால் புரியவில்லை. புரியாததை நல்ல பக்கமாகவே எடுத்துக்கொண்டு, மனைவி ரிப்கா கட்டிய பயணப் பையை அவிழ்க்கச் சொன்னார்.

"அவ்வளவு அவதானமாப் பாத்த ஆக்கள், ரெண்டு கிழமை பிந்தினாக் கோவிக்கவா போறாங்க? புள்ள கொஞ்சம் தேறட்டும்."

திங்கட்கிழமைத் திகதி கடந்து போனது. வியாழக்கிழமை, வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு மகளைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போனார். தாதி சிவாஜினி கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"திங்கக்கிழமை கீமோவுக்குப் போகேல்லையோ?"

"இல்ல மிஸ். நோயக் காணலையாம். புள்ளையில அவதானம் கூட எண்டு டொக்டரே சொன்னாரு."

"அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

"அவதானம வெடியி."

சிவாஜினி பேனையைக் கீழே வைத்தார். "ஐயோ இன்பாஸ் நானா, அது எங்கட அவதானம் இல்ல. சிங்களத்தில அவதானம எண்டா ஆபத்து. நோய் கண்ணுக்குத் தெரியாம ஒளிச்சிருக்கும். ஆபத்துக் கூடின பிள்ளைக்கு அடுத்த சுற்றைத் தள்ள ஏலாது. பொறுங்கோ, இப்பவே கொழும்புக்குக் கோல் எடுக்கிறன்."

ஆபத்துக் கூட. அதையா ஊர் முழுக்கச் சந்தோஷமாகச் சொல்லித் திரிந்தேன்? இன்பாஸுக்கு இனி எந்தச் சொல்லை நம்புவதென்றே தெரியவில்லை.

உடனே கூட்டிவரச் சொன்னார்கள். வெளியே கதிரையில் ஸஹ்ரா தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"இண்டைக்கே கொழும்புக்குப் போறம், மகள்."

அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். புண் இப்போதுதான் ஆறியிருந்தது. "அங்க என்னில இன்னும் அவதானம் கூடத்தானே, வாப்பா?"

இன்பாஸ் அவளைத் தூக்கிக்கொண்டார்.

"ஓம் மகள். கூடத்தான்."