சாக்காக்காரி காட்டிய மரியாதை

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கிளிமஞ்சாரோச் சரிவில் இருக்கும் சாக்கா மக்களுக்கும் பக்கத்து மலையின் பாரே மக்களுக்கும் கேலி முறை. ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் மட்டம் தட்டலாம், சாவு வீட்டில்கூட. கோபப்படுவதுதான் தப்பு. சாக்காக்காரர் காசுப் பைத்தியம், பாரேக்காரர் கஞ்சர் என்பது வழக்கமான கேலி. நான் கொண்டோவாக்காரி, இரண்டு பக்கமும் சேராதவள். அதனால் இதை நடுநிலையாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். நினைக்க மட்டும்தான் செய்கிறேன்.

மோஷியில் ஓர் ஆஸ்பத்திரியில் வாய், தாடை, உமிழ்நீர்ச் சுரப்பி அறுவைப் பிரிவில் நான் நர்ஸ். எங்கள் டாக்டர் ஷிரிமா அசல் சாக்காக்காரி. அன்று வந்த கஜிரு அசல் பாரேக்காரர். கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துவது அவர் தொழில். அவர் ஒரு புருவத்தை மட்டும் ஏற்றினால் போதும், மண்டபமே சிரிக்கும்.

உள்ளே வந்ததும் ஒரு நாணயத்தைத் தரையில் போட்டார். டிங். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"உசிரோடதான் இருக்கா," என்றார் கஜிரு என்னிடம். "சாக்காக்காரங்க செத்துட்டாங்களான்னு பாக்க நாடி பிடிக்க வேணாம் சிஸ்டர். காதுகிட்ட காசு விழணும். எந்திரிக்கலன்னா பொதைச்சிடலாம்."

"யோவ், காசை எடுத்துப் பையில போடு. இல்லன்னா ராத்திரி உனக்குத் தூக்கம் வராது," என்றபடி டாக்டர் அவருடைய வலது காதுக்குக் கீழே இருந்த கட்டியை அழுத்திப் பார்த்தார். "எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா. வலி கிலி ஒண்ணும் இல்ல."

"பாரேக்காரன் எதையும் தூக்கிப் போட மாட்டான்னு தெரியும். கட்டியைக்கூடவா சேத்து வெப்ப?"

புருவத்தை உயர்த்தச் சொன்னார், கண்ணை இறுக மூடச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். கஜிரு ஒவ்வொன்றையும் நாடகமாகச் செய்தார். நாக்கில் புண்ணோடு வாசலில் காத்திருந்த பெரியவர் ஒருவர் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு குலுங்கினார். முகத்தை அசைக்கும் நரம்பு, கட்டி வந்திருந்த உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேதான் ஓடுகிறது. கட்டி நரம்பைப் பிடித்திருந்தால் முகம் ஒரு பக்கம் தொங்கியிருக்கும். தொங்கவில்லை. கட்டிக்குள் ஊசியை விட்டு, உறிஞ்சி எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பினோம்.

முடிவு வந்தது. புற்று. மெதுவாக வளரும் வகைதான், ஆனாலும் புற்று. டாக்டர் கஜிருவை வரவழைத்து அதை நேராகச் சொன்னார்.

கஜிரு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அடியே, இந்த வருஷத்துல நான் கேட்ட நல்ல ஜோக் இதுதான்!"

"நெசமாத்தான்யா சொல்றேன். கட்டியை எடுத்தாகணும்."

"மூஞ்சியில சிரிப்பே இல்லாம சொல்றா பாரு!"

டாக்டர் எவ்வளவு அழுத்திச் சொன்னாரோ அவ்வளவு ரசித்தார் கஜிரு. கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, சுரப்பியையும் நரம்பையும் படம் போட்டு விளக்கினேன். படம் ஒழுங்காக வரவில்லை என்பது என் எண்ணம். அவர் தோளில் தட்டிக்கொடுத்து, "உன்னையும் நடிக்க வெச்சிட்டாளா?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை என் மாலை வகுப்புத் தோழிக்குக் கல்யாணம். மைக்கில் கஜிரு. "ஒரு சாக்காக்காரி டாக்டர் என் பர்ஸைப் பாத்தா. கிடைக்காதுன்னு தெரிஞ்சிக்கிட்டா. சரி, பாதி மூஞ்சியையாவது குடுய்யாங்கறா!" மண்டபம் அதிர்ந்தது. மேடை விளக்கில் கட்டி பளபளத்தது. நானும் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்க முடியாது.

திங்களன்று டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தள்ளிப்போட்டா அது நரம்பைப் பிடிச்சிடும் ஜாபு. அப்புறம் நரம்பையும் சேத்து வெட்டணும். மைக் பிடிக்கிறவனுக்குப் பாதி முகம் செத்துப்போச்சுன்னா என்ன மிச்சம்?" சிறிது நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். "புதுசா ஒரு ஜோக் இருக்கு, டாக்டர் வரச்சொன்னாங்கன்னு அவருக்குப் போன் பண்ணு."

மறுநாளே வந்தார், மனைவி நகியேதேயையும் அழைத்துக்கொண்டு.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வதுபோல, "ஷிக்காமோ, ஐயா. உக்காருங்க," என்றார்.

கஜிரு திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"ஏண்டி இப்படிப் பேசுற?"

"வெயில்ல வந்திருக்கீங்க ஐயா. டீ சொல்லட்டுமா? நான் வாங்கித் தர்றேன்."

கஜிருவின் முகத்தில் ரத்தமே இல்லை. "நகியேதே," என்றார் மெதுவாக, "சாக்காக்காரி எனக்கு டீ வாங்கித் தர்றா. நான் சாகப்போறேன்."

"ஐயா, சீக்கிரம் எடுத்துட்டா பொழைச்சிக்குவீங்க. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"ஒரு தடவை திட்டுடி."

"வேணாங்க ஐயா."

"கஞ்சப் பாரேன்னாவது சொல்லேன்!"

"ஆபரேஷன் முடியட்டும். முகம் அசைஞ்சா அப்புறம் திட்டுறேன்."

"அசையலன்னா?"

டாக்டர், வந்திருந்த டீக்கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். கஜிரு ஆபரேஷன் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அறுவை அன்று கருவிகளை எடுத்துக் கொடுத்தது நான்தான். சுரப்பிக்குள் வெள்ளை நூல்போல நரம்பு தெரிந்தது. அது விசிறிபோல் கிளை கிளையாகப் பிரிகிறது. கீழ்க்கிளை ஒன்று கட்டியின்மேல் ஒட்டிக் கிடந்தது. டாக்டர் அதை இழை இழையாகப் பிரித்தெடுத்தார். கட்டி முழுதாக வந்தது. ஆனால் முகம் அசையுமா என்பதை அவர் விழித்த பிறகுதான் சொல்ல முடியும்.

மறுநாள் காலையில் நான் காயக் கட்டைச் சரிபார்க்கப் போனபோது, நகியேதே தான் சுற்றியிருந்த காங்காத் துணியின் முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தைக் கணவர் கையில் வைத்தாள். டீக்கு என்று நினைத்தேன்.

டாக்டர் வந்தார். "புருவத்தைத் தூக்குங்க ஐயா."

ஒன்றும் நடக்கவில்லை.

"கண்ணை மூடுங்க. பல்லைக் காட்டுங்க."

முகம் சுவர்போல் இருந்தது. உதடு பிரியாமல், "மன்னிச்சிக்குங்க டாக்டரம்மா," என்று முனகினார். "உங்களால ஆனதைச் செஞ்சீங்க. கடவுள் உங்களை நல்லா வெச்சிருக்கணும்."

ஒரு பாரேக்காரர் வாயிலிருந்து இவ்வளவு மரியாதை! டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் தொட்டது வலது பக்கத்தை மட்டும்தானே, இடது பக்கம் ஏன் அசையவில்லை என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை.

டிங்.

நாணயம் உருண்டு கட்டிலடியில் போய் நின்றது. டாக்டரின் தலை தானாகத் திரும்பியது.

"உசிரோடதான் இருக்கா," என்றார் கஜிரு. இரண்டு புருவமும் நெற்றி உச்சிக்கு ஏறியிருந்தன. வலது உதட்டோரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கியது. சில வாரங்களில் அதுவும் சேர்ந்துகொண்டது. வெட்டிய விளிம்புகளில் புற்று இல்லை என்று சோதனை முடிவும் பின்னால் வந்தது.

டாக்டர் குனிந்து நாணயத்தை எடுத்தார். கண்ணை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு அதைத் தன் வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"ஏய்! அது நகியேதே காசுடி! குடு இங்க! திருடி!"

கண், கன்னம், பல், நெற்றி எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன.

டாக்டர் வாசலில் நின்று அதைக் கவனமாகப் பார்த்தார். "நரம்போட எல்லாக் கிளையும் வேலை செய்யுது, எழுதிக்கோ ஜாபு," என்றார். பிறகு அவரிடம், "படுய்யா, கஞ்சப் பாரே."