கூசெரா தவறவிட்ட ஆள்

கென்ட்ரல் கிட்ரிக்கு அந்த டிசம்பரில் இருபத்தேழு வயது முடிந்தது. மற்ற தொழில்களில் இது பெண் பார்க்கிற வயது. அவன் தொழிலில் மூட்டை கட்டுகிற வயது. ஒமாஹா டிரோவர்ஸ் அணியில் அவன் ரன்னிங் பேக். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தன்னை மண்ணில் புதைப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற பதினோரு பேருக்கு ஊடே முட்டி மோதி ஓட வேண்டும். ஆட்டத்தின் பெயர்தான் ஃபுட்பால். பந்தைக் காலால் உதைக்கிறவன் அணிக்கு ஒருத்தனோ ரெண்டு பேரோ, அவர்களையும் யாரும் ஆட்டக்காரராக மதிப்பதில்லை.

அந்த சீசனோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது. புதிதாக ஒன்று கிடைத்தால் பிழைத்தான். கிடைக்காவிட்டால் லூசியானாவுக்குத் திரும்பி, மாமன் நடத்துகிற கார் கழுவும் கடை வாசலில் நின்று, வருகிற போகிறவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மாமன் இப்போதே போர்டுக்கு அளவெடுத்து வைத்திருந்தார்.

ரன்னிங் பேக்கின் பிழைப்பு அவன் காலில் இருப்பதாக ஊர் நினைக்கிறது. உண்மையில் அது முன்வரிசையில் நிற்கிற ஐந்து தடியர்களின் கையில் இருக்கிறது. அவர்கள் எதிராளியை இடித்துத் தள்ளி வழி திறந்தால் ஓடலாம். திறக்காவிட்டால் ஆம்புலன்ஸில் போகலாம். அதனால் கிறிஸ்துமஸுக்கு அந்த ஐவருக்கும் ரன்னிங் பேக் கையால் பரிசு கொடுப்பது எழுதாத சட்டம். கைக்கடிகாரம் கொடுப்பார்கள், வேட்டைத் துப்பாக்கி கொடுப்பார்கள். போன வருடம் கென்ட்ரலுக்கு என்ன கிறுக்குப் பிடித்ததோ, தன்னை விளம்பரத்தில் போட்ட ஒரு கம்பெனியின், பட்டாணியை அரைத்துச் செய்த சைவ இறைச்சியை ஆளுக்கொரு பெட்டி அனுப்பிவைத்தான். அதுவும் ஒமாஹாவில். காலையில் மாடு, மதியம் மாடு, ராத்திரி கொஞ்சம் லேசாக மாடு என்று வாழ்கிற ஊரில்.

ஐவரும் நன்றி சொன்னார்கள். அடுத்த மூன்று ஆட்டங்களிலும் ஆளுக்கு அரை நொடி தாமதமாகத் தள்ளினார்கள். அவ்வளவுதான். கென்ட்ரலால் பல் துலக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. பத்திரிகைகள் அவனுக்கு வயதாகிவிட்டது என்று எழுதின.

கடைசியில் பிராட் கூசெராதான் இரக்கப்பட்டான். வரிசையின் நடுவில் குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, நிமிர்வதற்குள் ஒருவனைத் தலையால் முட்ட வேண்டிய வேலை அவனுடையது. முப்பத்துமூன்று வயது. கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும்.

"மாப்ள, அந்தப் பட்டாணிய எங்க வீட்டு நாய்க்குப் போட்டேன்" என்றான். "அது என்னைப் பாத்த பார்வைய இன்னும் மறக்க முடியல. என்ன துரோகம்டா பண்ணுனேன் உனக்குன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு."

கென்ட்ரல் மறுநாளே ஆளுக்கு அரை மாடு வாங்கி வீட்டு வாசலில் இறக்கினான். வழி திறந்தது. இந்த வருடம் முழுக்கத் திறந்தே இருந்தது. அவனும் ஆசை தீர ஓடினான். கூசெராவும் அவனும் செவ்வாய்க்கிழமை தோறும் ஒன்றாகக் காலைச் சாப்பாடு சாப்பிடுகிற அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

சீசன் முடிய ஒரே ஆட்டம் பாக்கி இருந்தபோது பொது மேலாளர் வைட்காம்ப் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் எப்போதும் நாலைந்து கணக்குப் பையன்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிராத பிள்ளைகள். யார் எவ்வளவு ஓடலாம் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள்.

வைட்காம்ப் சுவரில் வீடியோவை ஓட விட்டார். "இந்த வழியப் பாருப்பா. எவ்வளவு அகலம். இதுல எங்க சின்னம்மாவே ஓடுவாங்க. அவங்களுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு."

"போன வருஷம் நான் ஓடவே இல்லன்னு சொன்னீங்களே சார்."

"போன வருஷம் வழி இல்ல, நீ ஓடல. இந்த வருஷம் வழி இருக்கு, ஓடுற. இதுல நீ எங்க வர்ற?"

கணக்குப் பையன்கள் தலையாட்டினார்கள். வழி இல்லாவிட்டால் கென்ட்ரல் கிழவன், இருந்தால் சின்னம்மா. இதற்கு நடுவே நிற்க அவனுக்கு இடமே வைக்கவில்லை.

"ஒருத்தன் முழுசா உன்மேல வந்து விழணும்" என்றார் வைட்காம்ப். "அவனை உதறிட்டு நீ போகணும். அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு காட்டு, நான் பேனாவை எடுக்கறேன்."

செவ்வாய்க்கிழமை கூசெரா எட்டாவது முட்டையில் இருக்கும்போது கென்ட்ரல் விஷயத்தைச் சொன்னான்.

"வேணும்னே விடணுமா?" என்றான் கூசெரா.

"ஒருத்தன. ஒரே ஒரு தடவை."

"இந்த வருஷம் யாராச்சும் உன்னை மண்டையில அடிச்சானா?"

"எல்லாரும்தான் அடிச்சாங்க."

கூசெரா முள்கரண்டியைக் கீழே வைத்தான். சாப்பாட்டின் நடுவே அவன் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. "டேய், என் வேலையே எதிர்ல நிக்கிற என் ஆளு உன்னைத் தொடாம பாத்துக்கறதுதான். பதினோரு வருஷமா வேற எதுவும் எனக்குத் தெரியாது. நீ என்னடான்னா, அவனை வா ராசான்னு உள்ள அனுப்பச் சொல்ற."

"எனக்கு வேற வழி தெரியல, பிராட். கார் கழுவப் போகச் சொல்றியா?"

"உனக்கு ஏதாச்சும் ஆச்சு, உங்கம்மா மூஞ்சில நான் முழிக்க முடியாது" என்றான் கூசெரா. பிறகு ஒன்பதாவது முட்டையை எடுத்தான். சம்மதம் என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பனி பெய்தது. மூன்றாவது கால்பகுதியில் கூசெரா பந்தைக் கொடுத்தான், தன் ஆளை நோக்கி ஒரு கையை நீட்டினான், அப்படியே தொப்பென்று விழுந்தான். பள்ளிக்கூட நாடகத்தில் குண்டடி பட்டவன்கூட இதைவிடத் திறமையாக விழுவான். எதிரணியின் நடுத்தடியன் தனக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் ஒரு கணம் தயங்கிவிட்டு, பாய்ந்து வந்து கென்ட்ரலின் விலாவில் மோதினான்.

கென்ட்ரலுக்கு மூச்சு நின்றது. ஒரு கை தரையைத் தொட்டது. முழங்கால் தொட்டிருந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்திருக்கும், தொடவில்லை. எப்படிச் சுழன்றான், எப்படி நிமிர்ந்தான் என்று அவனுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. அவன் சட்டையின் பாதி தடியன் கையில் இருந்தது. மிச்சத்தோடு ஐம்பத்தெட்டு கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினான். அவன் வாழ்நாளிலேயே நன்றாக ஓடிய ஓட்டம் அதுதான்.

கூசெரா எழுந்து, தன் உடம்பு இதுவரை அறியாத தூரத்தை ஓடி வந்து, அவனைக் குழந்தை போல் தூக்கிக்கொண்டான். "என் நடிப்பு எப்படி?" என்று காதில் கேட்டான்.

"கேவலம்" என்றான் கென்ட்ரல். இருவரும் அழுகிற அளவுக்குச் சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் டிவியில் அதுவே ஓடியது. ஒரு முன்னாள் ஆட்டக்காரர் கென்ட்ரலின் கால்களைப் பற்றி ஐந்து நிமிடம் உருகினார். இன்னொருவர் கீழே கிடந்த கூசெராவைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுச் சிரித்தார்.

ஜனவரியில் வைட்காம்ப் அறையில் காகிதங்கள் தயாராக இருந்தன. மூன்று வருட ஒப்பந்தம். கென்ட்ரலின் ஏஜென்ட் மேஜைக்கு அடியில் அவன் தொடையை அழுத்தினான். எதுவும் பேசாதே என்பதற்கான அழுத்தம்.

"அந்த ஓட்டம் இருக்கே!" என்றார் வைட்காம்ப். மறுபடி வீடியோவைப் போட்டு நிறுத்தினார். கென்ட்ரலை விட்டுவிட்டு விரல் கீழே போனது. "கூசெரா காலி. பாத்தியா?"

"சறுக்கிட்டாரு சார். பனி."

"சறுக்கல. நம்ம பசங்க நூறு தடவை ஓட்டிப் பாத்துட்டாங்க. காலே நகரல. அந்த வயசுல அப்படித்தான் ஒருநாள் சட்டுனு போயிடும். அடுத்த வருஷம் அவன் வேண்டாம். அந்தச் சம்பளத்த எடுத்துத்தான் உனக்குப் போட்டிருக்கோம். நாளைக்குச் சொல்லப்போறோம், நீ வெளிய சொல்லிக்காத."

ஒரு வாக்கியம் போதும். அவரா விழல சார், நான்தான் விழச் சொன்னேன். அதைச் சொன்னால் கூசெராவின் கால்கள் பிழைத்துவிடும். ஆனால் அந்த ஓட்டம் சொல்லிவைத்துச் செய்த வேலையாகிவிடும், ஆபரேஷன் ஆன சின்னம்மா மறுபடி மைதானத்துக்குள் வந்துவிடுவாள், மாமன் போர்டு மாட்டிவிடுவார். கென்ட்ரல் வாயைத் திறந்தான்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டான்.

ஏஜென்ட் காட்டிய இடத்திலெல்லாம் போட்டான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் கூசெராவின் போன் வந்துவிட்டது.

"போட்டியா மாப்ள?"

"போட்டாச்சு."

"எத்தனை வருஷம்?"

"மூணு."

போனுக்கு அந்தப் பக்கம் கூசெரா தன் மனைவியைக் கூப்பிட்டு, மூணு வருஷமாம் என்று கத்துவது கேட்டது. பிள்ளைகள் குதிக்கிற சத்தமும் கேட்டது. "ஒரு தடவை விட்டதுக்கே மூணு வருஷமா" என்று சிரித்தான். "தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு தடவை விட்டிருப்பேனே."

கென்ட்ரலும் சிரிக்க முயன்றான்.

"ஆமா, என்னைப் பத்தி ஏதாச்சும் பேசினாங்களா?"

கார் கதவைப் பிடித்தபடி கென்ட்ரல் நின்றான். "இல்ல" என்றான். "உன் பேரே வரல."

"நல்லதாப் போச்சு" என்றான் கூசெரா. "எங்க வரிசைக்காரன் பேரு வெளிய வந்தா, ஏதோ தப்பு பண்ணிட்டான்னுதான் அர்த்தம்."