கன்னத்தில் விழுந்த வெள்ளை

பொம்மிடிக்குப் போன போட்டோ, மூலையில் மஞ்சள் தடவிய அதே கவரில் திரும்பி வந்தது. கொண்டுவந்த சின்னம்மாள் அத்தை தண்ணீர்கூடக் கேட்காமல் ராஜாமணியின் அம்மாவை அடுப்படிக்குள் இழுத்துப் போய்ப் பேசினாள். அந்தச் சின்ன வீட்டில் ரகசியம் எங்கே நிற்கும்? பெண்ணின் கன்னத்தில் வெள்ளை இருக்கிறதாம். மாப்பிள்ளையின் அம்மா வெயிலில் வைத்துப் பார்த்தாளாம். இப்போது அரிசி அளவுதான், நாளைக்குப் பரவினால் யார் பொறுப்பு என்றாளாம்.

ராஜாமணி கவரைப் பிரித்தாள். போட்டோவில் அவள் வலது கன்னத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது. நிலைப்படியில் மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தாள், ஒன்றுமில்லை. அம்மா ஈரத்துண்டோடு வந்து அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகத்தை அம்மாவே தேய்த்துப் பார்த்ததுதான் அவளுக்கு முதலில் வலித்தது. சாயங்காலம் குழாயடியில் பக்கத்தில் நின்றவள் தன் குடத்தைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டாள். வெண்குஷ்டம் என்ற சொல் ஊருக்குள் இறங்கிவிட்டால் ஒருத்தியோடு நிற்காது. ராஜாமணிக்குப் பின்னால் தங்கை இருந்தாள்.

ஊரில் எல்லோர் வீட்டுப் போட்டோவும் பாப்பாரப்பட்டியில் உள்ள சவுரியப்பன் ஸ்டுடியோவில் எடுத்ததுதான். வாய் திறந்து பேசக் கூசுகிற ராஜாமணி, சேலைக்கரை பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போய் அங்கிருந்த போட்டோக்களைப் பார்த்தாள். எந்தப் போட்டோவிலும் புள்ளி இல்லை. அப்படியானால் தன் தோலில்தான் ஏதோ இருக்கிறதா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியாகக் காளியப்பன் வீட்டில், வாசல் வெயில் போட்டோவின் மேல் சாய்வாக விழுந்தபோதுதான் பார்த்தாள். பளபளப்பான காகிதத்தில் ஓரிடம் மட்டும் கஞ்சி சிந்திக் காய்ந்த மாதிரி மங்கிக் கிடந்தது. மை தொட்டு மறைத்த இடம். அவள் போட்டோவில் கன்னம் இருந்த அதே இடம்.

மறுபடி எல்லா வீட்டுக்கும் போய்ச் சாய்த்துப் பார்த்தாள். ஒருவருக்கு நெற்றியில், ஒருத்திக்குப் பின்னால் தொங்கிய திரையில். குடும்பமாக, கேமராவைப் படுக்கவைத்து அகலமாக எடுத்த படத்தில் மட்டும் அந்த இடத்தில் காணவில்லை; படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்ததும் அதே இடத்தில் இருந்தது. புள்ளி எல்லோருக்கும்தான் விழுந்திருக்கிறது. அவளுடையதை மட்டும் மறைக்கவில்லை. மை தொட்டு டச்சப் பண்ணாத போட்டோதான் வேண்டும், பெண்ணை உள்ளபடி பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களே பொம்மிடிக்காரர்கள்தான். அப்பா அதை ஸ்டுடியோவில் அழுத்திச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அப்பா மாதப்பனோடு அவளும் ஸ்டுடியோவுக்குப் போனாள். சவுரியப்பன் மறுக்கவில்லை. கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, நெகட்டிவ் சுருளை விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் கறுப்புப் பொட்டு. கேமராவுக்குள் பிலிமை மூடியிருக்கிற கறுப்புத் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை. வெளிச்சம் அதன் வழியாகப் பிலிமைச் சுட்டுவிடுகிறது. பிலிமில் கறுப்பாக விழுவது காகிதத்தில் வெள்ளையாகிறது. முகூர்த்த மாதத்தில் கேமராவைப் பழுது பார்க்க மெட்ராசுக்கு அனுப்பிவிட்டு என்ன செய்வது என்றார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றார் அப்பா.

"ஓட்டக் கேமரான்னு நானே சொல்லிட்டு எப்புடிங்க கடை தெறக்கறது?"

பொம்மிடிக்கு வந்து இதைச் சொன்னால் போதும் என்று அப்பா கெஞ்சினார். சவுரியப்பன் நெகட்டிவைச் சுருட்டி டப்பாவில் போட்டார். "இங்க வச்சு என்ன வேணா திட்டிக்கங்க. அங்க வந்து மட்டும் சொல்ல மாட்டேன்."

அத்தை போய்ச் சொன்னதைப் பொம்மிடியில் யாரும் நம்பவில்லை. நேரிலேயே பார்த்துவிடுவதாக மாப்பிள்ளையின் அம்மாவும் அக்காவும் பஸ் ஏறி வந்தார்கள். ராஜாமணியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். முதலில் கன்னம், பிறகு கழுத்து, கை. ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லி முதுகு. சேலையைத் தூக்கச் சொல்லி முழங்கால்வரை. இருட்டாக இருக்கிறது என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னபோது, ராஜாமணியின் அம்மாதான் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டினாள். எல்லாம் பார்த்து முடித்தபின் அந்த அம்மாள் வெளியே வந்து தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லீங்க. பொண்ணு சுத்தம்."

அப்பா கும்பிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போனாள். ராஜாமணியை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நிச்சயத்துக்குப் படம் எடுக்கச் சவுரியப்பன் அவராகவே வந்தார். அதே கேமராதான். வாசல் பந்தலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தும்போது மாப்பிள்ளையின் அம்மா சத்தமாகச் சொன்னாள்: "டச்சப் கிச்சப் ஒண்ணும் வேணாங்க. உள்ளது உள்ளபடி இருக்கட்டும். எங்க சொந்தம் பூராப் பாக்கணும்."

சவுரியப்பன் தலையாட்டிவிட்டுக் கேமராவைப் படுக்கை வசத்தில் பிடித்தார். அப்படிப் பிடித்தால் புள்ளி எங்கே விழும் என்று ராஜாமணிக்குத் தெரியும். அவளை நிறுத்தியிருந்த இடம் அதுதான். அதுவரை அந்த வீட்டாரிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அத்த, நீங்க இங்க வந்து நில்லுங்க," என்று தள்ளி இடம் விட்டாள். "நடுவுல நின்னாத்தான் நல்லாருக்கும்."

"பாருங்க, இப்பவே மருமவளுக்கு மரியாத தெரியுது," என்று சொல்லி அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டே வந்து நின்றாள்.

சவுரியப்பன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு ராஜாமணியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. பந்தல் இடுக்கில் வந்த வெயிலில் அந்த அம்மாளின் கன்னம் மஞ்சள் பூசித் துடைத்து மாசு மருவில்லாமல் பளிச்சென்று இருந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். கண்ணை மறுபடி கேமராவில் வைத்து, எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொன்னார்.