அம்மாவின் செடிகளைத் திருடியவர்கள்

மதியச் சாப்பாடு முடிந்ததும் என் அம்மா மிக்தாலியா முன்னறை சோபாவில் படுத்து, வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, தூங்குவதுபோல் நடிக்க ஆரம்பித்தாள். தோட்டத்தில் திருட்டுப் போக வேண்டும் என்பதற்காக. வெளிக் கேட்டை விரியத் திறந்து செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள். கேட் கம்பியில் ஒரு கொத்து சூப்பர்மார்க்கெட் பைகள் தொங்கின, வருகிற திருடர்கள் பை கொண்டுவர மறந்திருந்தால் சிரமப்படக் கூடாதே என்று. மதில்மேல் சமையலறைக் கத்தரிக்கோல் வேறு. குவாயாமா ஊரில் இவ்வளவு வசதி செய்து கொடுத்த வீட்டை எந்தத் திருடனும் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டான்.

"டேய் எட்கார்டோ, குறட்டை விடட்டுமா?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"வேணாம்மா. உன் நிஜக் குறட்டை தெருவுக்கே தெரியும். போலின்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

மணி நான்கு வரை யாரும் வரவில்லை. ஒரு கோழி வந்தது. அதுவும் எதையும் எடுக்காமல் போய்விட்டது.

விஷயம் இதுதான். கடல் தாண்டி ஒர்லாண்டோவில் என் அக்கா யாரித்சாவுக்கு இரட்டைக் குழந்தைகள். அம்மா அங்கேயே போய்த் தங்குவதாக முடிவாகி, வீடும் கைமாறிவிட்டது. வாங்கியவர் மூன்று கார்கள் வைத்திருக்கும் நல்ல மனிதர். தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை சிமெண்ட் கலக்குற வண்டி வந்திடும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். விமானத்தில் மண்ணோடு செடி ஏற்ற விடமாட்டார்கள். நான் கல்லூரிக்காகத் தீவின் மறுகோடியில், மயகுவேஸில், ஒரு அறையில் இருந்தேன். அந்த அறையில் என்னையே ஏதோ பொறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, திங்கட்கிழமைக்குள் அந்தச் செடிகள் வேறு வீடுகளில் இருந்தாக வேண்டும். கூப்பிட்டுக் கொடுத்துவிட்டால் முடிந்தது வேலை என்று நீங்கள் நினைக்கலாம். அதுதான் முடியாது. எங்கள் பக்கத்தில் கையில் கொடுத்த கிளை வேர் பிடிக்காது. கேட்டு வாங்கினாலும் பிடிக்காது. திருடியது மட்டும்தான் பிடிக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நான் சமூகவியல் படிக்கிறேன், நானும் கேட்டதில்லை.

அம்மாவின் தோட்டம் முழுக்க முழுக்க அப்படி வந்ததுதான். அவள் கைப்பையில் எப்போதும் நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல், ஈரக் காகிதக் கைக்குட்டை, ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். கல்யாணம், கருமாதி, டாக்டர் வீடு, எங்கே போனாலும் அவள் செடிப்பக்கம் குனிந்து செருப்பைச் சரிசெய்வாள். நான் தள்ளி நின்று இருமுவேன். ஒரு இருமல் என்றால் ஆள் வருகிறது. இரண்டு இருமல் என்றால் வெட்டலாம். என் சிறுவயது முழுவதும் எனக்கு நெஞ்சுச் சளி என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் எனக்காகத் தேனில் ஏதோ ஊறவைத்துக் கொண்டுவந்து தந்தார். குடித்துவிட்டு, அவர் வீட்டுக் காகிதப்பூவைப் பார்த்து இரண்டு முறை இருமினேன்.

செடிகளின் பெயர்கள் அம்மாவுக்குத் தெரியாது. யாரிடமிருந்து வந்ததோ அதுதான் பெயர். ஜன்னலோரப் பெகோனியா பல் டாக்டர். தொங்கும் மணிபிளான்ட் மருந்துக்கடை. பழைய கழிப்பறைக் கோப்பையில் செழித்துக் கிடந்த பெரணி பாதிரியார். அதற்கு அம்மா கொஞ்சம் சங்கடப்பட்டாள்தான், ஆனால் வேறு எந்தத் தொட்டியிலும் அது அப்படி வளரவில்லை. "பல் டாக்டருக்குத் தண்ணி ஊத்தினியா? பாதிரியாரை வெயில்ல விடாத, கருகிடுவாரு" என்று காலையில் அவள் கத்துவதைக் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். பிஸ்கட் டின், பெயிண்ட் வாளி, காபித் தகரம் என்று கிடைத்ததிலெல்லாம் மண் நிரப்பி, காபிச் சக்கையும் முட்டை ஓடும் போட்டு, அந்தச் சின்ன முற்றத்தில் ஊரையே குடிவைத்திருந்தாள். ஈரமண்ணும் காபியும் கலந்த அந்த வாசனை மயகுவேஸில் எங்காவது அடித்தால் இப்போதும் என் தொண்டை தானாக இருமத் தயாராகிவிடுகிறது.

தோட்டத்தின் நடுவில் நின்றது நீதிமன்றம். சிவப்பும் மஞ்சளுமாக, மதிலைவிட உயர்ந்த குரோட்டன்ஸ். செத்துப்போன வாஷிங் மெஷினின் உருளையில் வைத்திருந்தாள். ஓட்டைகள் ஏற்கெனவே இருந்ததால் தண்ணீர் தேங்காது. அப்பாவும் அம்மாவும் பிரிந்த தீர்ப்பு வந்த நாளில், நீதிமன்ற வாசலில் அழுதுகொண்டே குனிந்து செருப்பைச் சரிசெய்து அவள் கொண்டுவந்தது அது. அக்கா அதற்குள் ஒர்லாண்டோ போயிருந்தாள். அன்று நீதிமன்றத்திலிருந்து அவளுக்குக் கிடைத்தவை இரண்டு: நானும் குரோட்டன்ஸும். குரோட்டன்ஸ்தான் நன்றாக வளர்ந்தது.

அன்று அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றது எதிர்வீட்டு நில்சா. அம்மாவின் உயிர்த் தோழி. சபைக்குத் தவறாமல் போகிறவள், கடையில் சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பி நடந்துபோய்க் கொடுக்கிறவள். செடிக்குத் தேவை தண்ணீரும் வெயிலும், திருட்டல்ல என்பது அவள் கட்சி. அவள் மகள் கல்யாணத்தின்போது, அந்தக் கட்சிக்கு மரியாதை கொடுத்து, அம்மா வாழ்நாளில் முதன்முறையாக ஒரு செடியைக் கையால் கொடுத்தாள். பல் டாக்டரின் ஒரு துண்டு, ரிப்பன் கட்டி. அது செத்துப்போனது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் அம்மா. "மனசில்லாம குடுத்தா எப்படிடி பொழைக்கும்?" என்றாள் நில்சா. அதோடு பேச்சு நின்றது. நான் பள்ளியில் இருந்தேன் அப்போது. கல்லூரிக்கு வந்த பிறகும் அவர்கள் பேசவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் வாசல் பெருக்குவார்கள், ஒரே நேரத்தில் உள்ளே போவார்கள். பேசாமல் இருப்பதற்கு அவ்வளவு ஒற்றுமை தேவைப்பட்டது.

கேட்டைத் திறந்து வைத்த இரண்டாம் நாள் மருந்துக்கடைக்காரரின் மனைவி அவில்டா, பச்சைத் துவரை போட்ட சோற்றைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு மணியடித்தாள். "மிக்தாலியா, போகப்போறியாமே. ஞாபகத்துக்கு ஒரு செடி குடேன்."

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "முடியாது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் தூங்குவேன். செத்தவ மாதிரி தூங்குவேன். தெரியுதா?" என்று கண்ணடித்தாள்.

"அதான் பார்த்தேனே, பை எல்லாம் மாட்டி வெச்சிருக்க" என்றாள் அவில்டா வருத்தமாக. "அது திருட்டாடி? அது தானம். தானமா எடுத்தா எப்படிப் புடிக்கும்? தெருவுல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." சோற்றுத் தட்டையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் ஓரத்து மொறுமொறு அடிச்சோறு நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் ஒழுக்கத்துக்குக் குறைவில்லை, விதிகளில் அவர்கள் மிகக் கறார். அன்று சாயங்காலமே பைகளையும் கத்தரிக்கோலையும் எடுத்து, கேட்டைச் சாத்தி, ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன்: "செடிகளைத் தொடாதீர்கள். தொட்டால் போலீஸ்."

"இது கொஞ்சம் அவமரியாதையா இல்ல?" என்றாள் அம்மா.

"இருக்கணும்மா."

மறுநாள் மதியம் ஊர் திரண்டு வந்தது. முதலில் அவில்டா, தோளில் பெரிய பையோடு, செருப்பைச் சரிசெய்துகொண்டே நுழைந்தாள். பல் டாக்டரின் உதவியாளப் பெண் வந்து பல் டாக்டரைத் தூக்கினாள். பாதிரியாரின் சமையல்காரி பாதிரியாரின் பாதியை வேரோடு பிடுங்கிச் சென்றாள். தெருமுனைப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி, அதற்குள் இரண்டு அந்தூரியச் செடிகளை வைத்துக்கொண்டு, போர்டுக்கு ஒரு மரியாதை செய்துவிட்டுப் போனார். அம்மாவும் நானும் திரைக்குப் பின்னால் ஒட்டி நின்றோம். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் மரத்துவிட்டன. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"பாருடா, கணுவுக்கு மேல வெட்டறா! கீழ வெட்டணும்டி, கீழ!" என்று மூச்சுக்குள் கத்தினாள். "ஐயோ, அந்த எலய முறிக்கிறா பாரு. எட்கார்டோ, போய்ச் சொல்லிட்டு வா."

"திருடங்கிட்ட போய் எப்படிம்மா சொல்றது?"

"அதுவும் சரிதான்" என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் முற்றம் காலியாகிவிட்டது. மண்ணில் வட்டவட்டமாக, தொட்டிகள் இருந்த தடங்கள் மட்டும். இப்போதும் குவாயாமா போனால், மருந்துக்கடை மாடியில் எங்கள் தகரத்தோடு எங்கள் மணிபிளான்ட் தொங்குவதைப் பார்க்கலாம். அது மருந்துக்கடையிலிருந்து வந்து மருந்துக்கடைக்கே திரும்பிய செடி. யாரும் வாய் திறக்கவில்லை, யாரும் நன்றி சொல்லவில்லை.

நீதிமன்றம் மட்டும் நின்றது. அதன் கிளையில் யாரும் கை வைக்கவில்லை. விவாகரத்திலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும், கல்யாணமான எந்த வீட்டில் அதை வைப்பார்கள்? அம்மா முதலில் சிரித்தாள். பிறகு சோபாவில் படுத்தும் தூங்காமல், நடிக்காமல், ஜன்னல் வழியே அதையே பார்த்தபடி கிடந்தாள். "மத்ததெல்லாம் போனா போகுதுடா" என்றாள். "அது மேல சிமெண்ட் கொட்டுவாங்கன்னு நெனச்சா, என்னமோ மாதிரி இருக்கு. அன்னைக்கு அது இல்லேன்னா நான் வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன். தண்ணில வைக்கணுமேன்னுதான் வந்தேன்."

இதை அவள் எனக்கு அதற்குமுன் சொன்னதில்லை. போய் நீதிமன்றத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மதியம், ஆளில்லாத அந்த நேரத்தில், நில்சா தெருவைக் கடந்து வந்தாள். கேட்டில் நின்று போர்டை முழுக்கப் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள். பிறகு நிமிர்ந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"மிக்தாலியா! திரைக்குக் கீழ உன் கால் தெரியுது."

அம்மா ஒரு காலைத் தூக்கினாள். பிறகு இன்னொன்றை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப வைத்தாள்.

"இந்தக் குரோட்டன்ஸ்ல ஒரு கிளை எனக்கு வேணும். 'எடுத்துக்கோ நில்சா'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. எடுத்துக்கறேன். நான் திருடமாட்டேன், உனக்கே தெரியும்."

அம்மா திரையை இன்னும் இழுத்துக் கால்வரை மறைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு உன் பையப் புடிச்சிட்டு நின்னது நான்தானேடி" என்றாள் நில்சா. இந்தமுறை குரல் தெருவுக்குக் கேட்கவில்லை. பிறகு திரும்பிப் போனாள். அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"ஒரு தடவ சொன்னேன்" என்றாள் அம்மா. "செத்துப்போச்சு." அது பெகோனியாவைப் பற்றித்தானா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை இரண்டு பெட்டிகளையும் என் பழைய காரில் ஏற்றினேன். அம்மா வீட்டைப் பூட்டிச் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய், கைப்பையிலிருந்து அந்தச் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, பாவாடையில் துடைத்து, வாஷிங் மெஷின் உருளையின் விளிம்பில் வைத்தாள். கேட்டில் இருந்த என் போர்டு கோணலாகியிருந்தது. அதை நேராக்கிவிட்டு வந்து காரில் ஏறினாள்.

"கத்தரிக்கோல மறந்துட்டியேம்மா."

"விமானத்துல விடமாட்டாங்க."

"விட்டா?"

"வண்டிய எடு."

தெருமுனை திரும்புவதற்குள், "நிறுத்து" என்றாள். நிறுத்தினேன். இஞ்சினையும் அணைக்கச் சொன்னாள். காலையிலேயே வெயிலில் தார்ச்சாலை காய்ந்துகொண்டிருந்தது. அம்மா மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காரின் முன்கண்ணாடி வழியே நேராகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"திரும்பிப் பார்க்காதடா. பார்த்தா வேர் புடிக்காது."

"பார்க்கலம்மா" என்றேன், பின்பக்கக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

கண்ணாடியில், எங்கள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சபைக்குப் போகும் வெள்ளை உடையில் நில்சா. வேதப் புத்தகத்தை வாசற்படியில் வைத்தாள். தெருவின் நடுவுக்கு வந்து வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். எங்கள் காரைப் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. கேட்டருகே போய் நின்றாள். நின்றபடியே இருந்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து, செருப்பில் ஒன்றுமில்லாத இடத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

தெருவில் யாருமில்லை. கோழிகூட இல்லை. நான் இரண்டு முறை இருமினேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தளர்ந்தன. கண்ணாடியில், மதிலுக்கு மேலே, குரோட்டன்ஸின் சிவந்த தலை ஒருமுறை ஆடி நின்றது. பிறகு மறுபடியும் ஆடியது. காற்று துளியும் இல்லை.